ஓரம் தைக்காத சேலை

அன்பின் ஆலோசகருக்கு,

மட்டக்களப்புக் கல்லடியில் வசிக்கும் எனக்கு 61 வயதாகிறது. 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியில் இருந்த என் அக்காவையும் அத்தானையும் கடல் கொண்டுபோனது. வாவிப் பக்கமாக உள்ள எங்கள் வீட்டில் அன்று தங்கியிருந்ததால் அவர்களுடைய பிள்ளைகள் இருவரும் தப்பினார்கள். மூத்தவளுக்கு எட்டு வயது, இளையவனுக்கு ஐந்து. அப்போது எனக்குக் கலியாணப் பேச்சு முற்றாகியிருந்தது. மாப்பிள்ளை ஓராண்டு பொறுத்திருந்தார். பிள்ளைகளை விட்டு வர முடியாதென்று நானே சொல்லி அனுப்பினேன்.

ஆசிரியத் தொழிலோடு அவர்களை வளர்த்தேன். மகளுக்குக் கலியாணம் முடித்துக் கொடுத்தபோது, எனக்குச் சீதனமாகக் கட்டிய இந்த வீட்டையே அவள் பெயரில் எழுதினேன். இப்போது அவள் கணவனின் தொழில் காரணமாக அக்கரைப்பற்றில் இருக்கிறாள். மகன் கத்தாரில் இருக்கிறான். சென்ற ஆண்டு நானும் ஓய்வு பெற்றேன்.

ஊரார் என்னைப் புண்ணியவதி என்கிறார்கள். எனக்கோ விடியற்காலையில் விழித்ததும், எனக்கென்று ஒரு நாளாவது வாழ்ந்தேனா என்ற கேள்வி எழுகிறது. உடனே அக்காவுக்குத் துரோகம் செய்ததுபோல நெஞ்சு கனக்கிறது. கடல் வருவதற்கு இரண்டு நாள் முன்பு ஓரம் தைத்துத் தரும்படி அக்கா தந்த மருதமுனைச் சேலை அலுமாரியில் அப்படியே இருக்கிறது. பாதி தைத்த இடத்தில் ஊசி துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று அந்த நாட்களில் நான் அழவில்லை. எனக்கு மனநிறைவு வாய்க்காதா?

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் வாழ்க்கைக்குப் பொருள் இருந்ததா என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இல்லை. பொருளுள்ள வாழ்வு மனநிறைவையும் தானாகவே கூட்டிவந்துவிடும் என்று எல்லோரையும்போல நம்பியிருந்தீர்கள். அது வராததால் உங்களையே குற்றவாளியாக்குகிறீர்கள். அக்காவின் பிள்ளைகளை உயிராக நேசித்த ஒருத்தி, அதற்காகத் தான் இழந்ததையும் எண்ணி வருந்தலாம். அது துரோகமே அல்ல.

எரிக் எரிக்சன் (1902–1994) என்ற உளவியலாளர் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாக வகுத்தார். ஏழாவது பருவத்தின் பணி அடுத்த தலைமுறையைப் பேணுவது. எட்டாவதன் பணி, வாழ்ந்த வாழ்வைத் திரும்பிப் பார்த்து, இது என்னுடையது என்று ஏற்றுக்கொள்வது. முதற்பணியை நீங்கள் செவ்வையாகச் செய்துவிட்டீர்கள். இப்போது எழும் கேள்வி இரண்டாவது பணியின் தொடக்கம் என்றே நான் கருதுகிறேன். ஆகவே, பொழுதைப் போக்க ஏதாவது சமூக சேவையில் சேரச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் சற்றுப் பொறுங்கள். கேள்வியை வேலையால் மூடிவிட்டால் அது பிறகும் விடியற்காலையில் வந்து நிற்கும்.

"நானே சொல்லி அனுப்பினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கடல் உங்கள்மீது பெருந்துயரைச் சுமத்தியது உண்மை. ஆனால் அதற்குப் பின் எடுத்த அந்த முடிவு உங்களுடையது. உங்களுக்கென்று நீங்கள் வாழ்ந்த நாட்களில் அதுவும் ஒன்று. அதற்குக் கொடுத்த விலை பெரிது என்பதை மறைக்காமலே அந்த முடிவை உங்களுடையதாக வைத்துக்கொள்ளலாம்.

அழுகையை நீங்கள் ஒத்திவைத்தீர்கள்; பிள்ளைகள் இருந்தவரை அதற்கு இடமில்லை, வீடு வெறிச்சோடியதும் அது திரும்பி வந்திருக்கிறது. தூக்கமின்மையும் பசியின்மையும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குத் தயங்காமல் செல்லுங்கள்; 1926 என்ற இலங்கைத் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அந்தச் சேலையை மகள் வரும் நாளில் வெளியே எடுங்கள். ஊசியை இழுக்க வேண்டாம், துணி கிழிந்துவிடும். சுற்றியுள்ள நூலை மெல்ல வெட்டி எடுங்கள். அது யாருடைய சேலை, ஏன் பாதியில் நின்றது என்பதையும், அந்த மாப்பிள்ளையைப் பற்றியும் அவளுக்குச் சொல்லி, மீதி ஓரத்தை இருவருமாகத் தையுங்கள். இடையில் கண்ணீர் வந்தால் வரட்டும். அவளுக்கு இப்போது முப்பது வயதாகிறது. நீங்கள் அழுதால் பயப்பட மாட்டாள்.