கம்பியில் சிக்கும் சிறுத்தைகளை மிருகக்காட்சிசாலையில் வைத்துக் காப்பாற்ற முடியாதா?

இலங்கை மலையகத் தோட்டங்களில் கம்பிச் சுருக்கில் சிக்கும் சிறுத்தைகளைத் தெஹிவளைக்குக் கொண்டுபோய் வளர்த்தால் இனம் பிழைக்குமே என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவுக்கே உதவும். 1936இல் அரசு பொறுப்பேற்ற தெஹிவளை மிருகக்காட்சிசாலை, தேசிய விலங்கியல் பூங்காக்கள் திணைக்களத்தின் கீழ் இயங்குகிறது. காட்டு விலங்குகளை மீட்பதோ வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் வேலை.

சிக்கல் தொடங்குவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால்தான். மரக்கறித் தோட்டத்தைக் கிளறும் காட்டுப்பன்றிக்காகக் கட்டப்படும் சுருக்கு, அவ்வழியே வரும் சிறுத்தையின் கழுத்திலோ இடுப்பிலோ இறுகுகிறது. அது திமிறத் திமிறக் கம்பி மேலும் இறுகி உள்ளுறுப்புகளைச் சிதைப்பதால், மயக்க ஊசி போட்டு விடுவித்த பிறகும் பல இறந்துவிடுகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணியில் மீட்கப்பட்ட கருஞ்சிறுத்தை, உடவளவையில் சிகிச்சை பெற்றும் பிழைக்கவில்லை.

கூண்டில் பிறந்த குட்டியைத் தேயிலை மலையில் விடுவதும் எளிதன்று. தாயிடம் வேட்டை பழகாத, மனிதருக்கு அஞ்சாத சிறுத்தை, நாயையும் கோழியையும் தேடி லயத்துக்கே வரும். ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகள் இலங்கைச் சிறுத்தையைத் திட்டமிட்டு இனப்பெருக்கம் செய்வதை, காட்டில் இனம் அழிந்தால் கைகொடுக்கும் ஒரு காப்பீடாகவே கொள்ளலாம்.

மிருகக்காட்சிசாலையின் பெரும்பயனை நான் பாடசாலைச் சுற்றுலாவில்தான் காண்கிறேன். நாயைத் தூக்கிப்போன 'புலி'யாக மட்டுமே சிறுத்தையை அறிந்திருக்கும் தோட்டத்துப் பிள்ளை, அங்கே அச்சமின்றி நின்று அதன் நடையையும் புள்ளிகளையும் பார்க்கிறது. அந்தக் கூண்டுக்கு முன்னால் கம்பிச் சுருக்கைப் பற்றியும் தமிழில் ஒரு பலகை இருக்க வேண்டும்.