நடந்தால் நோய் போகுமா?

கேள்வி: சிட்னியில் வேலை பார்க்கும் என் மகன், தோல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் ‘மெலனோமா மார்ச்’ என்ற நடையில் கலந்துகொள்கிறானாம், உறவினர் அனைவரும் நன்கொடை தர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறான். காலையில் நாலு கிலோமீட்டர் நடப்பதற்கும் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்? வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய்க்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நடைக்கும் ஆராய்ச்சிக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை. பணம் கேட்கக் கூச்சப்படுகிறவருக்குக் கேட்பதற்கு ஒரு காரணத்தை ஏற்படுத்தித் தருவதே நடையின் வேலை. சும்மா கேட்டிருந்தால் நீங்கள் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பீர்கள்; மகன் நடக்கிறான் என்பதால் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு யோசித்திருக்கிறீர்கள். நடை பாதி வேலையை முடித்துவிட்டது.

ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்குள் மூன்றில் இருவருக்கு ஏதேனும் ஒரு வகைத் தோல் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று 1981இல் ஒரு கடற்பறவைக் கார்ட்டூனைப் பாடவைத்துப் பிரசாரம் தொடங்கிய நாடு அது. தொப்பி இல்லாமல் வந்த குழந்தையை இன்றும் பல பள்ளிகளில் மைதானத்தில் இறங்கி விளையாட விடமாட்டார்கள். அங்கே மார்ச் மாதத்தில் பல ஊர்களில் நடக்கும் இந்த நடையில் சேரும் பணம், சிட்னியில் உள்ள மெலனோமா இன்ஸ்டிடியூட் ஆஸ்திரேலியாவின் ஆராய்ச்சிக்குப் போகிறது.

‘வெள்ளைக்காரர் நோய்’ என்று நீங்கள் எழுதியதை நான் ஏற்க மாட்டேன். கறுத்த தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி வெயிலிலிருந்து பெருமளவு காக்கிறது என்பதும், தோல் புற்றுநோயில் கொடிய வகையான மெலனோமா நம்மிடையே அரிது என்பதும் உண்மை. ஆனால் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வரும் மெலனோமாவுக்கு வெயில் முக்கியக் காரணம் அன்று. அது எந்த நிறத்தாரையும் விடுவதில்லை. பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் கட்டைவிரல் நகத்தடியில்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. 1981இல், 36 வயதில், அவர் இறந்தார். நம் ஊரிலோ, உள்ளங்காலில் தோன்றும் கரும்புள்ளியைக் கால் ஆணி என்றும், நகத்தில் நீளவாக்கில் ஓடும் கறுப்புக் கோட்டை எப்போதோ கல் தடுக்கி ரத்தம் கட்டியது என்றும் நாமே முடிவு செய்து மாதக்கணக்கில் விட்டுவைக்கிறோம். கறுத்த தோலுடையவர்களிடம் இந்நோய் பெரும்பாலும் முற்றிய பிறகே கண்டறியப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. நம் எதிர்ப்பு அணுக்களுக்கு உடம்பே போட்டுவைத்திருக்கும் பிரேக்கைத் தளர்த்திப் புற்றுநோயோடு மோதவிடும் சிகிச்சை முறைக்காக ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வகையில் முதல் மருந்தான இபிலிமுமாப் 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது மெலனோமாவுக்குத்தான். அதன் பின் வந்த நிவோலுமாப் போன்றவை இன்று நுரையீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்கும் தரப்படுகின்றன. சென்னை மருத்துவமனைகளில் நம்மவர்களுக்கே, லட்சக்கணக்கான ரூபாய் செலவில், ஏற்றப்படுகின்றன. வெள்ளைக்காரர் நோய் என்று நீங்கள் ஒதுக்கிய நோயில் தேறிய வைத்தியம் அது.

இந்த மருந்துகள் நடைக்காசில் உருவானவை என்று நான் சொல்லவில்லை. அவற்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் மருந்து நிறுவனங்களின் முதலீடு. ஆனால் பத்து ஊசி போடும் இடத்தில் ஐந்து போதுமா என்ற கேள்வியை, ஊசி விற்கிறவர் அவசரப்பட்டுக் கேட்க மாட்டார். அதைக் கேட்பதற்கு லாபத்தை எதிர்பாராத பணம் வேண்டும். அத்தகைய பணம் அரசிடமிருந்து வர வேண்டும், அல்லது உங்கள் மகனைப் போன்றவர்கள் கூச்சத்தை விட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

டி-ஷர்ட், பந்தல், ஒலிபெருக்கி, விளம்பரம் எல்லாம் போக ஆராய்ச்சிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று நீங்கள் கேட்டிருந்தால், நான் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். நியாயமான கேள்வி அதுதான். ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற பெரிய அறநிறுவனங்களின் ஆண்டுக் கணக்கை அரசு ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம்; அதை எடுத்து அனுப்பும்படி மகனிடம் கேளுங்கள். கணக்கு திருப்தியாக இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால், தர முடியாது என்பதைக் காரணத்தோடு அவருக்கே எழுதுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.