யார் வந்து பார்ப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் மலேசியாவின் கூலாய்க்காரன். செடெனாக் பக்கம் ஒரு டேட்டா சென்டரில் இரவு ஷிப்ட் டெக்னீஷியன். சர்வர் கூண்டுகளுக்கு எண் போட்ட சீல் உண்டு. திறக்கும்போதும் மூடும்போதும் இரண்டு பேர் எண்ணைச் சரிபார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். உண்மையைச் சொன்னால், பாதி நாள் பார்க்காமலே போட்டுவிடுகிறோம். அப்பா தோட்டத்தில் ஜாகாவாக, அதாவது காவலாளியாக, இருந்தவர். நானும் சட்டையை மாற்றிக்கொண்டு அதே ஜாகா வேலைதான் பார்க்கிறேனோ என்று தோன்றுகிறது. இனி ஏஐ சிப்பே தான் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுமாமே? அப்படியானால் வன்பொருள் பாதுகாப்பை நம்பி மேற்படிப்பு படிக்கலாமா? ஏஐ வந்தபிறகு நம் பிள்ளைகளுக்கு வேலை இருக்குமா? இதையெல்லாம் தமிழில் எழுத ஏன் ஆள் இல்லை?

ஒரு வாசகர், கூலாய்

அன்புள்ள தம்பி,

தமிழில் எழுத ஆள் இல்லையென்றால் நீ எழுது. வேலை இருக்குமா என்று ஆரூடம் சொல்ல மாட்டேன். அந்த இரண்டுக்கும் அவ்வளவுதான் பதில்.

‘பார்க்காமலே போட்டுவிடுகிறோம்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் வயிறு பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்ச நாளாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பதும் இதே விஷயம்தான்.

சிப் தன் இடத்தை எப்படிச் சொல்லும் என்று யோசித்தாயா? அதற்குள் ஒரு ரகசியச் சாவி பதிந்திருக்கும். இடம் தெரிந்த ஒரு சர்வர், சிங்கப்பூரில் இருப்பதாக வைத்துக்கொள், கேள்வி அனுப்பும். சிப் அந்தச் சாவியால் கையொப்பமிட்டுப் பதில் அனுப்பும். கண்ணாடி இழையில் ஒளி மில்லி வினாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். கேள்வி போய்ப் பதில் வர 2 மில்லி வினாடிதான் ஆயிற்று என்றால், இழைவழியே 200 கிலோமீட்டருக்கு அப்பால் அந்தச் சிப் இருக்க வழியில்லை. தாமதித்து ஏமாற்றலாம், ஒளியை முந்தி ஏமாற்ற முடியாது. அழகான யோசனை. 2025 மே மாதம் அமெரிக்க செனட்டில் வந்த சிப் பாதுகாப்பு மசோதா கேட்பதும், தடை செய்த நாடுகளுக்குச் சிப் கடத்தப்படாமலிருக்க, இடத்தைச் சரிபார்க்கும் ஏற்பாட்டைத்தான்.

அந்தச் சாவியை ஒருவன் உருவிவிட்டால்? சாவி கூலாயில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும், சிப் வேறு தேசத்தில் உழைத்துக்கொண்டிருக்கும். நடக்காத கதை என்று நினைக்காதே. 2025 அக்டோபரில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சர்வரின் மெமரிக்கும் மதர்போர்டுக்கும் நடுவே ஒரு சிறு பலகையைச் செருகி, உள்ளே பத்திரமாக இருப்பதாக நம்பிய, இன்டெல் சிப் தன்னை அசலென்று நிரூபிக்கும் சான்றுச் சாவிகளையே எடுத்துக் காட்டினார்கள். ஆயிரம் டாலருக்கும் குறைந்த செலவு. அதற்கு முதலில் தேவை, கூண்டைத் திறந்து கை வைக்க ஓர் ஆள். கணக்கு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், கூண்டைத் திறந்தது யார் என்ற கேள்விக்கு உன் பதிவேடுதானே பதில் சொல்ல வேண்டும்?

அணுசக்தியில் இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்கிறார்கள். வியன்னாவிலுள்ள அனைத்துலக அணுசக்தி முகமையின் உலோக முத்திரை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு மூடி, ஊடே ஒரு கம்பி. மூடியின் உட்புறத்தில் சாலிடரை உருக்கி விட்டு, தாறுமாறாகக் கீறி, அந்தக் கீறலைப் படமெடுத்து வைப்பார்கள். பிறகு ஆய்வாளர் வந்து கம்பியை வெட்டி, மூடியை வியன்னாவுக்கே கொண்டுபோவார். பழைய படத்தோடு கீறல் கீறலாக ஒப்பிடுவார்கள். இடுக்கி இருந்தால் யாரும் அந்தக் கம்பியை வெட்டலாம். வெட்டியதை மறைக்கத்தான் முடியாது. ஒருவர் திரும்பி வந்து பார்ப்பார் என்பதில்தான் அதன் பலமெல்லாம் இருக்கிறது. நீயும் உன் கூட்டாளியும் பாதி நாள் விட்டுவிடுவது அந்தப் பார்வையை.

2025 பிப்ரவரியில் சிங்கப்பூரில் மூவர் மீது சர்வர் விற்பனையில் மோசடிக் குற்றம் சாட்டினார்கள். அந்த சர்வர்கள் மலேசியாவுக்கு அனுப்பப்பட்டதாக அந்நாட்டு அமைச்சர் சொன்னார். ஜூலை 14 அன்று நம் அரசு, அமெரிக்க உயர்திறன் ஏஐ சிப்புகளை இங்கிருந்து வெளியே அனுப்ப அனுமதி கட்டாயம் என்று அறிவித்தது. அரசு போட்ட அந்த உத்தரவுக்குக் கூலாயில் கண்ணாக இருப்பவன் நீ. அப்பாவின் வேலையைத் தாழ்த்தி எழுதியிருக்கிறாய், எனக்குப் பிடிக்கவில்லை. ராத்திரியெல்லாம் கண் விழித்துத் தோட்டத்தைக் காத்தவர் அவர். கையில் டார்ச் லைட்டோடு அவர் ஒழுங்காகப் பார்த்ததை நீ ஏசி அறைக்குள் பார்க்க மாட்டேன் என்கிறாய்.

அதே நேரம், பார்க்கும் உரிமை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் எனக்கு ஒப்பாது. எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், பாலுக்காக மரப்பட்டையைச் சீவுகிற வேலை. நிறுவைக் கொட்டகையில் தராசின் முள் தோட்டக் கணக்கர் கிராணியார் பக்கம் திரும்பியிருக்கும். அம்மா பால் வாளிகள் தொங்கும் காண்டாக் கம்பைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் சொல்லப்போகும் எண்ணுக்காக நிற்பார். மழை நாளில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று கழிப்பார்கள். எவ்வளவு என்று வாய் திறந்து கேட்டவர்களுக்கு மறுநாள் ஏறி இறங்கச் சிரமமான மேட்டுக்காட்டு மர நிரைதான். தராசு சரியாகவே இருந்திருக்கலாம். முள்ளைப் பார்க்கத்தான் அம்மாவுக்கு அனுமதி இல்லை.

சிப் விஷயத்திலும் அப்படி ஆகிவிடக் கூடாது. 2025 ஜூலை கடைசியில் சீன அரசு சிப் நிறுவனமான என்விடியாவைக் கூப்பிட்டு, அதன் எச்20 சிப்பில் யாரும் ரகசியமாக நுழையும் பின்வாசல் உண்டா என்று கேட்டது. பின்வாசலும் இல்லை, அணைக்கும் விசையும் இல்லை என்று நிறுவனம் சொன்னது. வாய்ச்சொல்லை யாரும் நம்ப வேண்டாம், நாமும் நம்ப வேண்டாம். பூட்டின் அமைப்பு எல்லாருக்கும் தெரிந்தாலும் சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்று குறியாக்க அறிஞர் கெர்க்கோஃப்ஸ் 1883இலேயே எழுதிவிட்டார். இந்தக் காப்பு ஏற்பாடுகளை நம் பொறியாளர்களும் பிரித்துப் பார்க்கும்படி வைக்கட்டும். அளக்கிறவர்களும் அளக்கப்படுகிறவர்களும் ஒரே முள்ளைப் பார்க்கட்டும்.

அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் நம்மிடம் வேண்டும். அதனால் படி. மென்பொருள் சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொண்டு நின்றுவிடாதே. ஸ்கூடாய் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உனக்குப் பக்கம்தான், மின்பொறியியலுக்கு விண்ணப்பம் போடு. குறியாக்கக் கணிதத்தை விடாதே, சாலிடர் பிடித்துக் கையைப் பழக்கு. பரிந்துரைக் கடிதம் வேண்டுமானால் எழுதித் தருகிறேன். அதுவரை இன்றிரவு ஷிப்டில் சீல் எண்ணை வாய்விட்டுப் படித்தபின் கையெழுத்துப் போடு. கூட நிற்கிறவன் பார்க்காமல் போட வந்தால் பேனாவைக் கொடுக்காதே.

அன்புடன்,
அக்கா