ஜாவா வெப் ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங்கில், படிவத்தைச் சேமித்த பிறகு ஃபார்வர்ட் போட்டால் ரிஃப்ரெஷில் பதிவு இரண்டாகிறது, ரீடைரக்ட் போட்டால் ‘சேமித்தாயிற்று’ செய்தி காணாமல் போகிறது, ஏன்?

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ரீடைரக்டில் பிரவுசர் புதுக் கோரிக்கை அனுப்புகிறது, ஃபார்வர்டில் அனுப்புவதில்லை. மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி கொடைக்கானல் பஸ் கேட்டால், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க என்பார்கள். நீங்களேதான் போகணும், இங்கே பேசியது எதுவும் அங்கே இருப்பவருக்குத் தெரியாது. ரீடைரக்ட் அப்படித்தான்: சர்வர் 302 என்ற எண்ணோடு (‘வேறு முகவரிக்குப் போ’ என்று பொருள்) புது முகவரியை அனுப்ப, பிரவுசர் புதிதாக ஒரு கெட் கோரிக்கையோடு (பக்கத்தைக் கேட்பது) அங்கே போகிறது, பழைய கோரிக்கையில் மாடலில் (பக்கத்தில் காட்ட வேண்டிய தரவை வைக்கும் இடம்) வைத்த செய்தி அதோடு முடிந்தது. ஃபார்வர்டில் சர்வருக்குள்ளேயே கோரிக்கை கைமாறுகிறது. பிரவுசருக்கு எதுவும் தெரியாது, முகவரியும் மாறாது, அதனால் ரிஃப்ரெஷ் செய்தால் அதே போஸ்ட் (படிவத்தை அனுப்பும் கோரிக்கை) திரும்பப் போய் இன்னொரு பதிவு விழுகிறது.

பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபில் பாருங்கள். போஸ்ட் மட்டும் இருந்தால் ஃபார்வர்ட், போஸ்டுக்கு 302 வந்து கீழே கெட்டும் இருந்தால் ரீடைரக்ட். யூகித்து யூகித்து நிரலை மாற்றுவதைவிட இதுதான் நிச்சயம்.

சேமித்த பிறகு ரீடைரக்டே போடுங்கள், செய்தியை ரீடைரக்ட்ஆட்ரிபியூட்ஸில் (RedirectAttributes) ஆட்ஃப்ளாஷ்ஆட்ரிபியூட் (addFlashAttribute) மூலம் வையுங்கள். அடுத்த கோரிக்கை வரை இருந்து தானே அழிந்துவிடும். அப்புறம், ஃபார்வர்ட் செய்த இடத்தில் 405 (‘இந்த வகைக் கோரிக்கையை ஏற்க மாட்டேன்’ என்ற பிழை) வந்தால் அங்கே கெட்மேப்பிங் (@GetMapping, கெட்டை மட்டும் ஏற்பது) மட்டும் இருக்கிறதா பாருங்கள், போஸ்ட் போஸ்டாகவேதான் போய்ச் சேரும்.