கொக்கு பறந்துட்டா என்ன?

அன்புள்ள சார்,

நான் சோழிங்கநல்லூர்ல ஒம்பதாவது மாடில இருக்கேன். ஐடி வேலை, நைட் ஷிஃப்ட். போன வருஷம் கொடைக்கானல்ல ஒரு ஓவிய முகாமுக்குப் போயிருந்தேன். பைன் மரம், பனி, ஏரின்னு வரைஞ்சப்ப இயற்கையோட கலந்துட்ட மாதிரி இருந்துச்சு. இங்க வந்ததும் எல்லாம் போச்சு. அங்க எடுத்த போட்டோவ வெச்சு காலைல பால்கனில உக்காந்து வரையறேன், வரமாட்டேங்குது, கிழிச்சுப் போட்டுடறேன். வாட்டர்கலருக்கு எந்த பேப்பர் நல்லது? பேசாம வேலைய விட்டுட்டு மலைப் பக்கம் போயிடலாமான்னும் தோணுது.

க.

அன்புள்ள க.,

பேப்பர் எதுவா இருந்தா என்ன, பழைய பில் புக்கோட பின்பக்கமும் ஒரு நடராஜ் பென்சிலும் போதும். வேலைய விடறத வீட்ல பேசிக்குங்க. ஆனா நைட் ஷிஃப்ட் முடிச்சு எரியற கண்ணோட, போய்ப் படுக்காம பென்சில எடுத்துட்டு உக்காரறீங்க பாருங்க, அதப் படிச்சதுக்கு அப்புறம் பதில் போடாம இருக்க முடியல. கிழிக்கறத மட்டும் இன்னியோட நிறுத்துங்கம்மா. கோணலா வந்தாலும் தேதி போட்டு ஒரு ஃபைல்ல வைங்க.

இப்ப திட்டறேன். சோழிங்கநல்லூர்ல உக்காந்துகிட்டு எதுக்கு பைன் மரம்? கொடைக்கானல் பைன் அந்த மலையோட மரமே இல்ல, வெளியிலேர்ந்து கொண்டாந்து நட்டது, அங்க சொந்தமா இருந்தது சோலைக்காடும் புல்வெளியும். ஏரியும் 1863ல மனுஷன் அமைச்சது. உங்க வீட்டுலேர்ந்து வண்டில கொஞ்ச நேரம் போனா பள்ளிக்கரணை, எவனும் வெட்டாம தானா உண்டான சதுப்பு, 2022ல ராம்சார் பட்டியல்லயே, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட பட்டியல்ல, சேத்துட்டாங்க. ஒரு ஓரமா பெருங்குடி குப்பைமேடு, குறுக்கால ரேடியல் ரோடு, அதுக்கு நடுவுல அவ்ளோ பறவை. நாறுதுன்னு கார் கண்ணாடிய ஏத்திட்டுப் போற ஆள் கொடைக்கானல்ல போய் இயற்கையோட கலந்தேன்னு சொன்னா எனக்குக் கோவம்தான் வருது.

அதவிட பெரிய கோவம் அந்த போட்டோ மேல. கொஞ்ச நாளாவே இதப் பத்தித்தான் நெனச்சுட்டு இருந்தேன், உங்க கடிதம் சரியா வந்து சேந்துச்சு.

எங்க பெரியப்பா சினிமா பேனர் ஆர்ட்டிஸ்ட், ராயப்பேட்டைல வேலை. ஸ்டில் போட்டோ மேல கட்டம் போட்டு, அதே கட்டத்த துணில பெருசா போட்டு, மூக்கு இந்தக் கட்டம் கண்ணு அந்தக் கட்டம்னு ஏத்துவாங்க. வாரம் பூரா போட்டோவப் பாத்து முகம் போட்ட மனுஷன், ஞாயித்துக்கிழமை ஆனா என்ன சைக்கிள்ல ஏத்திக்கிட்டு அடையாறு முகத்துவாரத்துல உடைஞ்ச பாலத்தாண்ட போயிடுவாரு. அங்க போட்டோ பேச்சே எடுக்கக் கூடாது. "போட்டோல ஏற்கெனவே ஒருத்தன் பாத்து முடிச்சுட்டான்டா, உனக்கு அதுல என்ன மிச்சம்?"ம்பாரு.

அங்க அவரு வரைஞ்சது முக்கால்வாசி மடையான்தான், நம்ம ஊர்ல குருட்டுக் கொக்குன்னு சொல்றது. சேத்தோரமா குறுகி உக்காந்திருக்கும், பழுப்புல கோடு கோடா, சேறு எது பறவை எதுன்னு தெரியாது. வரைய ஆரம்பிச்சாதான் இதுக்குக் கழுத்து எங்கன்னு ஒரு சந்தேகம் வரும். உள்ள இழுத்து வெச்சிருக்கும். தண்ணில ஏதாவது அசைஞ்சா மெதுவா, ரொம்ப மெதுவா, அது நீண்டுகிட்டே போகும், இவ்ளோ கழுத்து எங்கடா இருந்துச்சுன்னு ஆயிடும். நீங்க பாதி முதுகு போட்டிருப்பீங்க, சட்டுனு எழும்பும், பாத்தா ரெக்க ரெண்டும் பளிச்சுனு வெள்ள. போயிடுச்சு. இப்ப மிச்சத்த ஞாபகத்துலேர்ந்து போடணும், அப்பதான் அலகு நுனி கறுப்பா மஞ்சளான்னு பாக்கவே இல்லன்னு உறைக்கும். அடுத்த தடவ போறப்ப கண்ணு மொதல்ல அலகுக்குத்தான் போகும். இங்க வந்ததும் போச்சுன்னு நீங்க எழுதின அந்த இயற்கையோட தொடர்புன்னா இதுதாங்க, போட்டோல கொக்கு பறக்காது, அதனால உங்களுக்கு எதுவும் விட்டுப் போகாது, விட்டுப் போகாததத் தேடிட்டு எவனும் திரும்பப் போக மாட்டான்.

இதுக்கு மா. கிருஷ்ணன நெனச்சுப் பாருங்க, நாவலாசிரியர் மாதவையாவோட மகன், மயிலாப்பூர்ல வாழ்ந்தவரு, 1912லேர்ந்து 1996 வரைக்கும். காட்டு யானைய எல்லாம் கறுப்பு வெள்ளைல எடுத்த பெரிய போட்டோகிராஃபர், அவ்ளோ நல்ல கேமராக் கண்ணு இருந்தும் தன்னோட கட்டுரைக்குத் தானே இங்க்ல கோட்டோவியமும் போட்டாரு. காடு மட்டும் இல்ல, வீட்டாண்ட வர்ற பறவை அணிலையும் விடல. இப்ப பூநாரை வந்துச்சுன்னா பள்ளிக்கரணைல பீரங்கி மாதிரி லென்ஸ் வெச்சுக்கிட்டு வரிசையா நிக்கறாங்க, பக்கத்துலயே நிக்கற மடையான ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல.

கலந்துட்டேன்னு எழுதியிருக்கீங்க, அத மட்டும் விட்டுடுங்க. மடையானுக்கு மீன் முக்கியம், நீங்க அங்க இருக்கீங்களா இல்லையான்னே அதுக்குக் கவலை இல்ல. உங்க மனசு லேசாகறதுக்காக அது அங்க நிக்கல. அப்படியும் அதப் பாத்துக்கிட்டு உக்கார முடிஞ்சா உக்காருங்க.

அதுக்குக்கூட உடம்பு ஒத்துழைக்கலன்னா உங்க அபார்ட்மென்ட் கேட்டாண்ட எப்படியும் ஒரு வேப்ப மரம் இருக்கும். ஒரே ஒரு சின்ன இலைய எடுத்து உள்ளங்கைல வெச்சுப் பாருங்க. எல்லாரும் நடு நரம்ப சரியா நடுவுல போட்டு ரெண்டு பக்கமும் சமமா வரைஞ்சு வெச்சிருப்பாங்க, அது அப்படி இருக்காது, ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒல்லி, லேசா வளைஞ்சு, ஓரமெல்லாம் பல்லு. பொறந்ததுலேர்ந்து பாத்த மரம், அம்மைக்குக் கட்டினது, பூவ ரசத்துல போட்டது, ஆனா இலை எப்படி இருக்கும்னு கேட்டா தெரியாது.

கை எட்டற ஒரு கிளையப் பிடிச்சு வெச்சுக்குங்க, வாராவாரம் அதே கிளைதான். பங்குனி வாக்குல செம்பு நிறத்துல துளிர் விடும், பூவும் வரும், அத விட்டுடாதீங்க. தூங்கி எந்திரிச்சப்புறம் போனாப் போதும். வரைஞ்சத எனக்கு அனுப்புங்க, கோணலா இருந்தாப் பரவால்ல. போட்டோவப் பாத்துப் போட்டதுன்னா கண்டுபிடிச்சுடுவேன், பதில் போடாம திருப்பி அனுப்பிடுவேன்.