அமெரிக்காவின் சின்ன ஊர்களில் உள்ளாட்சி எப்படி நடக்கிறது? அங்கேயும் கட்சி பார்த்துத்தான் ஓட்டு விழுமா?

ஜனாதிபதித் தேர்தல் வரைபடத்தில் ஓர் ஊர் சிவப்பா (குடியரசுக் கட்சி) நீலமா (ஜனநாயகக் கட்சி) என்று பார்த்துவிட்டு அதன் உள்ளாட்சியைக் கணிக்கப் போனால் பெரும்பாலும் ஏமாறுவீர்கள். அங்கே முடிவைத் தீர்மானிப்பது கட்சியைவிட, எந்த மாதத்தில், எந்தக் கூட்டத்துக்கு, யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதுதான். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும் என்பதால் நியூ ஹாம்ப்ஷயரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அங்குள்ள சின்ன ஊர்களில் மேயர் கிடையாது. செலக்ட்போர்டு என்ற குழு இருக்கும். மூன்று பேர் அல்லது ஐந்து பேர், மூன்றாண்டுப் பதவி. பதவிக்காலம் ஒரே நேரத்தில் முடியாமல் வருடத்துக்கு ஓரிரு இடங்களாகக் காலியாகும். இவர்கள் நிர்வாகம் செய்பவர்கள், அவ்வளவுதான். ரோடு போட, பனி அள்ள, தீயணைப்பு வண்டி வாங்க எவ்வளவு பணம் என்று முடிவெடுப்பது டவுன் மீட்டிங் என்ற வருடாந்திர ஊர்க்கூட்டத்தில் கூடும் வாக்காளர்கள். ஊர்ப் பள்ளிகளைக் கவனிக்கும் தனி அமைப்பான பள்ளி மாவட்டத்துக்குத் தனிக் கூட்டம், தனி பட்ஜெட். ஊர்ப் பதவிகளுக்கான தேர்தல் மார்ச் இரண்டாம் செவ்வாய்க்கிழமை. வாக்குச்சீட்டில் அநேகமாக எந்த ஊரிலும் கட்சிப் பெயர் இருக்காது.

இந்தக் கூட்டங்களில் இவ்வளவு சண்டை எதற்கு என்றால், வரி. இந்த மாநிலத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, பொது விற்பனை வரியும் இல்லை. உள்ளூர்ச் செலவு பெருமளவு வீட்டு வரியின் தலையில்தான் விழும். ஓர் ஊரின் மொத்தச் சொத்து மதிப்பு 10 கோடி டாலர் என்று வையுங்கள். கூட்டத்தில் ஒரு லட்சம் டாலர் கூடுதலாக நிறைவேறினால் மதிப்பில் ஆயிரத்துக்கு 1 டாலர் வரி ஏறும். 3 லட்சம் டாலர் வீட்டுக்காரருக்கு வருடத்துக்கு 300 டாலர். பென்ஷனில் வாழ்பவரும் மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புபவரும் நவம்பரில் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களாக இருக்கலாம். மார்ச்சில் எதிரெதிரே நிற்பார்கள்.

கூட்டத்தில் பேசப்போகும் பொருள்களின் பட்டியலுக்கு வாரண்ட் என்று பெயர். குறைந்தது 14 நாள் முன்னதாக ஒட்டியிருக்க வேண்டும். வாக்காளர்கள் மனு கொடுத்தும் ஒரு பொருளைச் சேர்க்கலாம்: 25 கையெழுத்து அல்லது வாக்காளர்களில் 2 சதவீதம், எது குறைவோ அது, ஆனால் 10-க்குக் குறையக் கூடாது. 500 வாக்காளர் உள்ள ஊரில் பத்துப் பேர் போதும். வாரண்டில் இல்லாத விஷயத்தில் முடிவெடுக்க முடியாது. ஆனால் வாரண்டில் உள்ள பொருளின் தொகையைக் கூட்டத்திலேயே எழுந்து திருத்தலாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

குரோய்டனில் நடந்ததைப் பாருங்கள். சுமார் 800 பேர் வாழும் ஊர். 2022 மார்ச்சில், பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை, பள்ளி மாவட்டக் கூட்டம். முன்வைக்கப்பட்ட பட்ஜெட் 17 லட்சம் டாலர். செலக்ட்போர்டு உறுப்பினர் ஒருவர் எழுந்து அதை 8 லட்சமாகக் குறைக்கத் திருத்தம் கொண்டுவந்தார். ஏறக்குறைய 80 மாணவர்கள், தலைக்கு 10,000 டாலர் என்பது கணக்கு. 20-க்கு 14 என்று நிறைவேறிவிட்டது. ஊர்ப் பட்டியலில் இருந்த வாக்காளர்கள் 565. வந்து ஓட்டுப் போட்டவர்கள் 34, அதாவது 6 சதவீதம். குரோய்டனில் உள்ளது சிறு பிள்ளைகளுக்கான ஒரு சின்னப் பள்ளி மட்டுமே. மேல் வகுப்புக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பி, கட்டணத்தை மாவட்டம் கட்டும். அந்தக் கட்டணம் 10,000-ஐத் தாண்டியது. மீதியைப் பெற்றோர் எங்கிருந்து கொண்டுவருவது?

மாற்ற ஒரு வழி இருந்தது: சிறப்புக் கூட்டம். ஆனால் பட்டியலில் உள்ளவர்களில் பாதிப் பேராவது ஓட்டுப் போட்டால்தான் அதில் எடுத்த முடிவு செல்லும். 565-க்கு 283. கவனியுங்கள், இந்த விதி வந்ததும் கணக்கே தலைகீழாகிவிடுகிறது. பட்ஜெட் வெட்டு நிலைக்க வேண்டும் என்று நினைப்பவர் வந்து எதிர்த்து ஓட்டுப் போட்டால், தேவையான எண்ணிக்கையை நிரப்ப அவரே உதவியவராவார். அவருக்கு வீட்டில் இருப்பதுதான் லாபம். பெற்றோர் தரப்போ வீடு வீடாகக் கதவு தட்டி, போன் போட்டு ஆள் திரட்டியது. மே 7 அன்று 379 பேர் வந்தார்கள், 67 சதவீதம். பழைய பட்ஜெட்டுக்கு ஆதரவு 377, எதிர்ப்பு 2.

அந்த 377-2 என்ற எண்ணை வைத்து "ஊரே ஒரே மனது" என்று எழுதினால் அது தவறு. வராத 186 பேரில் எத்தனை பேர் வேண்டுமென்றே வரவில்லை, எத்தனை பேருக்கு அக்கறையில்லை என்று அந்த எண் சொல்லாது. அதேபோல் 20-14 என்பதும் ஊரின் விருப்பம் அல்ல, அன்றைய அறையின் விருப்பம்.

இப்படிப்பட்ட கூட்டத்துக்குப் போகிறவர் சில விதிகளைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கைதூக்கி ஓட்டுப் போடக் கூச்சம் என்றால், ஐந்து வாக்காளர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ரகசிய வாக்குச்சீட்டு கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சின்ன ஊரில் இது பெரிய விஷயம். இரண்டாவது, நமக்கு வேண்டியது நிறைவேறியவுடன் மறுபரிசீலனையைக் கட்டுப்படுத்தும் தீர்மானத்தையும் கையோடு நிறைவேற்ற வேண்டும். இல்லையென்றால் பாதிக் கூட்டம் கிளம்பிப் போன பிறகு, மிச்சமிருப்பவர்கள் அதே பொருளைத் திரும்ப எடுத்து மாற்றிவிடலாம். கட்டுப்படுத்திவிட்டால் குறைந்தது ஏழு நாள் கழித்துத்தான் அதைத் தொட முடியும்.

வேலை, குழந்தை என்று நாள் முழுக்கக் கூட்டத்தில் உட்கார முடியாதவர்களுக்காக 1995-இல் எஸ்பி 2 என்ற முறை வந்தது. ஊர் விரும்பினால் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவோடு அதற்கு மாறலாம். முதலில் விவாதக் கூட்டம், பிறகு மார்ச்சில் நாள் முழுக்க வாக்குச்சாவடி. ஓட்டுப் போடுபவர்கள் கூடுவார்கள், உண்மைதான். ஆனால் தொகையைத் திருத்துவது அந்த விவாதக் கூட்டத்தில்தான், அங்கே பெரும்பாலும் ஈயோட்டும் நிலை. பழைய குறை வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவே.

விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது: வீடு வாங்கி வரி கட்டுகிறோமே, ஓட்டு உண்டா? நியூ ஹாம்ப்ஷயரில் இல்லை, குடியுரிமை வேண்டும். வேறு ஊரில் குடியிருந்துகொண்டு அங்கே விடுமுறை வீடு வைத்திருக்கும் அமெரிக்கருக்கும் கிடையாது. பக்கத்து வெர்மாண்டில் மான்ட்பீலியர், வினூஸ்கி ஆகிய இரண்டு நகரங்கள் 2021 முதல் உள்ளூர்த் தேர்தலில் குடிமக்கள் அல்லாதவர்களையும் அனுமதிக்கின்றன.

ஜனாதிபதித் தேர்தலில் நள்ளிரவிலேயே ஓட்டுப் போடும் நியூ ஹாம்ப்ஷயரின் குட்டி ஊரான டிக்ஸ்வில் நாட்ச்சை வைத்து ஊர்ப்புற மனநிலையை அளப்பவர்களும் உண்டு. 2020-இல் அங்கே பைடனுக்கு 5-0, 2024-இல் டிரம்ப்புக்கும் ஹாரிஸுக்கும் 3-3. ஆறு ஓட்டில் போக்கு தேடுவது வீண் வேலை. ஓர் ஊரை நிஜமாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அதன் வருடாந்திர டவுன் ரிப்போர்ட்டையும் தேர்தல் முடிவுகளையும் எடுத்து மூன்று எண்களை அருகருகே எழுதுங்கள்: நவம்பரில் விழுந்த ஓட்டு, மார்ச் வாக்குச்சீட்டில் விழுந்த ஓட்டு, பட்ஜெட் கூட்டத்தில் எண்ணப்பட்ட தலைகள். பள்ளிக் கூட்டத்தின் எண்ணிக்கையைத் தனியாகப் பாருங்கள், அந்தக் கூட்டம் வேறு தேதியில் நடந்திருக்கும்.