பச்சைத் தண்ணீரும் பாசித் தொட்டியும்

கேள்வி: மேலூர்ப் பக்கம் 40 சென்ட் குளத்தில் கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறேன், நாளொன்றுக்கு 10 கிலோ தீவனம் இடுகிறேன். குளத்து நீரைத் திறந்துவிட்டால் அது ஊர்க் கண்மாயில் சேர்வதால் ஆட்சேபம் எழுந்துள்ளது. நுண்பாசியால் நீரைச் சுத்தம் செய்யலாம் என்கிறார்கள். என் குளம் ஏற்கெனவே பச்சையாகத்தானே இருக்கிறது, இது போதாதா?
– ஒரு வாசகர், மேலூர் வட்டம்

பதில்: போதாது. மீன்கள் செவுள் வழியே வெளியிடும் அம்மோனியாவையும், மிச்சத் தீவனத்திலிருந்து கரையும் பாஸ்பரசையும் பாசி உறிஞ்சித் தன் உடலாக்கிக்கொள்கிறது. ஆனால் அந்தப் பாசி குளத்திலேயே கிடந்து மடிந்தால், உறிஞ்சியதில் பெரும்பகுதி நீருக்கே திரும்பிவிடும். ஆகவே பாசியை வளர்ப்பதைவிட, வளர்ந்ததை நீரிலிருந்து வெளியே எடுப்பதுதான் உண்மையான சுத்திகரிப்பு.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 30 விழுக்காடு புரதமுள்ள 10 கிலோ தீவனத்தில் 480 கிராம் நைட்ரஜன் இருக்கும். அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மீன் உடம்பில் தங்க, சுமார் 350 கிராம், பெரும்பாலும் அம்மோனியாவாக, குளத்தில் சேர்கிறது. உலர் எடையில் ஏறத்தாழ 7 விழுக்காடு நைட்ரஜன் கொண்ட குளோரெல்லா, செனடெஸ்மஸ் போன்ற பாசிகள் இதை முழுவதும் உறிஞ்ச வேண்டுமானால், தினமும் 5 கிலோ உலர்பாசி விளைய வேண்டும். திறந்தவெளித் தொட்டியில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 கிராம் விளைச்சல் என்று வைத்தால், 250 முதல் 500 சதுர மீட்டர், அதாவது 6 முதல் 12 சென்ட் பரப்பு தேவை. வண்டலில் தங்கும் பங்கைக் கழித்தால் இது ஓரளவு குறையும். இந்த நிலக்கணக்கைப் பாராமல் யாரும் தொட்டி கட்ட இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இடமிருந்தால், குளத்து நீரை முதலில் ஒரு தெளிவுத் தொட்டியில் நிறுத்தி மலத்தையும் மிச்சத் தீவனத்தையும் அடியில் படியவிட்டு, பிறகு ஓர் அடி ஆழமேயுள்ள பாசித் தொட்டிக்கு விடுங்கள். ஆழம் கூடினால் வெயில் அடிவரை எட்டாது. கலக்காமல் விட்டால் பாசி தேங்கி அழுகும். அறுவடைதான் கடினம், ஏனெனில் இவ்வுயிர்கள் சில மைக்ரான் அளவே உள்ளவை, துணியில் வடிகட்ட முடியாது. முருங்கை விதைப் பொடியைக் கரைத்துவிட்டால் பாசி திரண்டு அடியில் படியும். நம் பக்கத்தில் முருங்கைக்குப் பஞ்சமில்லை.

பாசி மிகுந்த மீன்குளத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பகலில் ஒளிச்சேர்க்கையால் கரியமில வாயு குறைந்து, நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏறும். 30 டிகிரி வெப்பத்தில் அது 7 ஆக இருக்கையில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத நச்சு வடிவ அம்மோனியா, 9 ஐத் தொட்டதும் நூற்றில் 44 ஆகிறது. இரவிலோ பாசியும் சுவாசிப்பதால் விடியலுக்கு முன் உயிர்வாயு குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். கையை நீரில் இறக்கும்போது முழங்கை நனையுமுன் உள்ளங்கை மறைந்தால் பாசி மிகுந்துவிட்டது என்று பொருள், தீவனத்தைக் குறையுங்கள்.

தொட்டிக்கு இடமில்லையெனில், அந்தப் பச்சை நீரைப் பாசியோடு சேர்த்து நெல்லுக்கோ தென்னைக்கோ பாய்ச்சுங்கள். பெரியாறு பாசனத்தில் நடவு நடக்கும் உங்கள் பகுதியில் எனக்குச் சிறந்ததாகத் தோன்றுவது இதுவே. கண்மாயைக் கெடுக்கும் அதே நைட்ரஜன் வயலில் உரமாகும், யூரியாவையும் அதற்கேற்பக் குறைக்கலாம்.

கேள்வி: மீன்குளத்துப் பாசியைச் சுருள்பாசி (ஸ்பைருலினா) என்று காயவைத்து விற்கலாமா?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: கூடாது. சுருள்பாசி, சமையல் சோடா சேர்த்த, பி.எச். 9 முதல் 10 வரையுள்ள காரநீரில் தனியாக வளர்க்கப்படுவது. மீன்குளத்தில் தானாகப் படர்வது பல இனங்களின் கலவை. அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி இருந்தால் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு உண்டாகலாம், காயவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் அது நீங்காது.